தோண்டியவன் கடைசியில் குடிக்க வேண்டும்

கொம்பன் என்ற யானையும் முள்ளன் என்ற முள்ளம்பன்றியும் ஒரு கோடையில் பேச்சை நிறுத்திக்கொண்டன. அதற்கு முன்பு அவை பேசிக்கொள்ளாத நாளே கிடையாது.

அவை இருந்த காட்டில் செம்மணலாறு என்று ஓர் ஆறு. மழைக்காலத்தில் அது பாறையையே புரட்டும். பங்குனி பிறந்தால் வெறும் மணல். தண்ணீர் மணலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதை வெளியே எடுக்க யானையால்தான் முடியும். முன்காலால் மணலைத் தள்ளி, தும்பிக்கையால் அள்ளி வீசி, ஆழமாக ஒரு குழி போடும். அடியில் மெல்ல ஈரம் கசியும். பொறுத்திருந்தால் வானம் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் ஊறும்.

அந்த ஊற்றுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கொம்பனின் தாய் வெள்ளைக்காதி ஏற்படுத்திய வழக்கம் அது. மிகச் சின்னது முதலில் குடிக்க வேண்டும். தோண்டியவர் கடைசியில் குடிக்க வேண்டும். காடை, அணில், முயல், முள்ளம்பன்றி, மான், மிளா, காட்டெருமை, எல்லாம் முடிந்த பிறகு யானை. குருவான கிறிஸ்துவே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவிய கதை நமக்குத் தெரியும். அந்த மிருகங்கள் அதைக் கேட்டதில்லை. ஆனாலும் வெள்ளைக்காதி கலங்கின தண்ணீரைக் கடைசியாகக் குடித்ததை அவை பார்த்திருந்தன.

எவ்வளவு நல்ல நாட்கள் அவை! வெயில் தாழ்ந்ததும் எல்லாம் மணலில் கூடும். குழி தோண்டும்போது கொம்பனுக்குத் தன் கால் தெரியாது. தலையும் தும்பிக்கையும் குழிக்குள் இருக்கும். கால் ஓரத்தில் பட்டால் மணல் சரிந்து ஊற்று மூடிப்போகும். அதனால் முள்ளன் குழிக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். "காலை எடும், அண்ணாச்சி" என்று கத்தும். கொம்பன் உடனே காலை எடுத்துவிடும். இது அவற்றுக்குள் சின்ன வயதிலிருந்து நடந்து வந்தது. யார் பெரியவன், யார் சொல்வது என்று அப்போது கொம்பன் யோசித்ததில்லை. எல்லாம் குடித்து முடித்த பிறகு மிச்சத் தண்ணீரைத் தும்பிக்கையில் உறிஞ்சி முள்ளனின் முதுகில் பீய்ச்சும். முள்ளன் முட்களைச் சிலிர்த்து உதறும். பக்கத்தில் நிற்கிற மான்கள் நனைந்து ஓடும். காடே சிரிக்கும்.

வெள்ளைக்காதி செத்துப்போன பிறகு தோண்டுகிற வேலை முழுவதும் கொம்பனின் தலையில் விழுந்தது. ஒருநாள் அது களைத்துப்போய் நின்றபோது நரி மெல்லப் பக்கத்தில் வந்தது.

"அண்ணாச்சி, உழுகிற மாடு வைக்கோல் தின்னும், நெல்லு வேற வீட்டுக்குப் போகும். உங்க கதையும் அப்படித்தான் இருக்கு" என்றது.

அன்றைக்குக் கொம்பன் முதலில் குடித்தது. தாகம் அதிகம், இன்று ஒருநாள்தானே என்று நினைத்துக்கொண்டது. மறுநாளும் தாகம் அதிகமாகத்தான் இருந்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. யானை ஒருமுறை தும்பிக்கையை விட்டு எடுத்தால் ஊற்றில் என்ன மிஞ்சும்? சின்ன உயிர்கள் மறுபடி ஊறும்வரை காத்துக் கிடந்தன. கடைசியில் வந்ததற்குச் சேறுதான். யாரும் வாய் திறக்கவில்லை. யானையிடம் யார் பேசுவது?

முள்ளன் பேசியது. அதுவும் எல்லோரும் கூடியிருந்த நேரத்தில்.

"அண்ணாச்சி, குழியைத் தோண்டினது நீர். தண்ணியும் நீர் ஊத்தி வச்சதா? ஆண்டவர் வச்ச தண்ணிக்கு நீர் காவக்காரன். காவக்காரனே களத்து நெல்லைத் தின்னா மத்தவன் எங்க போவான்? வெள்ளைக்காதி வயித்துல பிறந்துட்டு இப்படிக் குடிக்கீரே!"

முயல் காதைத் தாழ்த்திக்கொண்டது. எங்கோ ஒரு மந்தி களுக்கென்று சிரித்தது. அந்தச் சிரிப்புதான் கொம்பனுக்கு அதிகம் சுட்டது.

"நீ எனக்கு நியாயம் சொல்லுதியா? என் உள்ளங்காலில் முள்ளை ஏத்தினவன் நீ. அந்த வருசம் முழுக்க நான் நொண்டினேன். மறந்துட்டியா?" என்றது கொம்பன்.

அது நடந்து எத்தனையோ மழைக்காலம் போயிருந்தது. முள்ளன் உண்மையாகவே மறந்திருந்தது. யானை மறக்கவில்லை. யானை எதையும் மறக்காது.

கொம்பன் காலால் மணலைத் தள்ளி ஊற்றை மூடியது. "இனி உன் நியாயத்தை வைத்தே தாகம் தீர்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு ஆற்றின் மேற்பக்கம் நடந்தது. நரி மட்டும் பின்னால் ஓடியது.

அதற்குப் பிறகு கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் இல்லை. மானும் மிளாவும் தூரத்துச் சுனையைத் தேடிப் போய்விட்டன. கால் சின்னதாக உள்ள உயிர்கள் எங்கே போகும்? முள்ளனின் வளையில் பிறந்து சில நாளே ஆன குட்டிகள் இருந்தன. தாய்க்குத் தண்ணீர் இல்லாமல் பால் வற்றியது. குட்டிகள் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தன.

எல்லாரும் முள்ளனைத்தான் ஏசினார்கள். உன் வாய் சும்மா இருந்தால் சேறாவது கிடைத்திருக்குமே என்றது அணில். முயலக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. "நியாயம் பேசினியே, நல்லது. அதைக் குடிக்க முடியுமா?" என்று கேட்டது.

முள்ளனின் வீட்டுக்காரியும் விடவில்லை. "உங்க முதுகுல இருக்கிற முள்ளைவிட வாயில இருக்கிறது நீளம்" என்றாள். பிறகு குட்டிகளை நக்கிக் கொடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "நீங்க சொன்னது சரிதான். ஆனா தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே. ஊரு முன்னால அவரு அம்மா பேரை இழுத்தீங்களே, அதுதான் சரியில்ல."

முள்ளன் பழைய ஊற்று இருந்த இடத்துக்குப் போய்த் தன் கையால் தோண்டத் தொடங்கியது. வளை தோண்டுகிற கை மண்ணில்தான் செல்லும். மணலில் ஒரு பக்கம் அள்ளினால் மறுபக்கம் சரியும். நாளெல்லாம் தோண்டினால் அடியில் கொஞ்சம் ஈர மணல் தெரியும். குட்டிகளைக் கொண்டுவந்து அதில் விடும். அவை ஈர மணலை நக்கும். அவ்வளவுதான்.

மேற்பக்கத்தில் கொம்பன் மனநிம்மதியாகத் தோண்டியது. குறை சொல்ல ஆளில்லை. எல்லாத் தண்ணீரும் தனக்குத்தான். குழி ஆழமானது. ஈரம் கசிந்தது. அப்போது ஓரத்து மணல் பொலபொலவென்று சரிந்து குழி மூடிக்கொண்டது.

"மணல் சரியில்லை அண்ணாச்சி" என்றது நரி.

வேறு இடத்தில் தோண்டியது. அதுவும் மூடியது. இந்த மணலுக்கு உங்கள் அருமை தெரியவில்லை என்றது நரி. இன்னும் மேலே போய்த் தோண்டியது. அங்கேயும் தண்ணீர் தலைகாட்டுகிற நேரத்தில் எல்லாம் சரிந்தது. கொம்பனின் நாக்கு வறண்டது. தாகத்தைவிட வேறு ஒன்று அதை வாட்டியது. தலையைக் குழிக்குள் விட்டிருக்கும் நேரத்தில் எதிர்ப்பக்கம் ஒரு சத்தம் வரும் என்று அதன் காது தானாகக் காத்திருந்தது. அந்தச் சத்தம் வரவில்லை.

கொம்பன் தலையை எடுத்து நரியைப் பார்த்தது.

"என் கால் ஓரத்தில் படுகிறதை நீ பார்த்தாயா?"

"பார்த்தேன் அண்ணாச்சி."

"முதல் குழியிலும்?"

"எல்லாக் குழியிலும்தான்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா உங்களுக்குப் பிடிக்காதே" என்றது நரி.

கொம்பன் திரும்பிக் கீழ்ப்பக்கம் நடந்தது.

ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு காலமெல்லாம் வாழலாம். அது ஒன்றும் கஷ்டமில்லை. அதை இறக்கி வைக்க நடக்கிற வழிதான் நீளம். கிளம்பும்போது கொம்பன் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தது. நீ பேசியது தப்பு, முள் ஏற்றியதும் தப்பு, இருந்தாலும் நான் பெரியவன், மன்னிக்கிறேன் என்பது அந்தப் பேச்சு. வழியில் தாய் நிழலுக்கு நின்ற மருதமரம் வந்தது. அதன் பட்டையில் வெள்ளைக்காதி உடம்பைத் தேய்த்த இடம் இன்னும் வழவழப்பாக இருந்தது. கொம்பன் தும்பிக்கையால் அதைத் தடவியது. குட்டியாக இருந்தபோது அது தாய்க்கு முன்னால் ஓடி ஊற்றில் வாயை வைக்கும். தாய் அடிக்கமாட்டாள். தும்பிக்கையால் அதைச் சுற்றி இழுத்துத் தன் வயிற்றுக்கு அடியில் நிறுத்திக்கொள்வாள். சின்னதுகள் குடித்து முடிக்கும்வரை அந்த நிழலில் இரண்டும் நிற்கும். அந்த நிழல் எவ்வளவு குளிர்ச்சி!

மரத்தைத் தாண்டியபோது தயார் செய்த பேச்சில் 'மன்னிக்கிறேன்' என்பது உதிர்ந்துபோயிருந்தது. 'நான் பெரியவன்' என்பதும் உதிர்ந்தது. பழைய ஊற்றை நெருங்கியபோது சொல்வதற்கு ஒன்றுமே மிஞ்சவில்லை.

யானை வருவதைப் பார்த்ததும் முயலும் அணிலும் பயந்து ஒதுங்கின. முள்ளன் மட்டும் குட்டிகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தலையை மணலுக்குள் விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தது. முதுகில் நிழல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தது. கண்ணெல்லாம் மணல். கையில் ரத்தம் கசிந்தது. கொம்பனின் முகத்தை அது பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தது. பழகிய கண் அங்கேதான் போகும்.

"காலை எடும், அண்ணாச்சி. பிள்ளைக நிக்குது!"

ஒதுங்கி நின்றவை எல்லாம் மூச்சை அடக்கின. இத்தனை நடந்த பிறகும் இவன் வாயை அடக்கமாட்டானா என்று முயலக்கா முணுமுணுத்தது.

கொம்பன் காலை எடுத்தது.

எடுத்த காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றது. முள்ளன் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்ட பிறகுதான் காலைப் பின்னால், மெல்ல, வைத்தது.

"அங்கே இதைச் சொல்ல ஆளில்லை, தம்பி" என்றது. "நீ அன்றைக்குச் சொன்னது சரி. நான் குடித்ததுதான் தப்பு."

முள்ளனின் முட்கள் தாழ்ந்து படுத்தன. "சொன்னது சரியா இருக்கலாம். சொன்ன விதம் சரியில்லை அண்ணாச்சி. ஊரு முன்னால உம்ம அம்மா பேரை இழுத்திருக்கக் கூடாது. என்னை மன்னிக்கணும்."

"அந்தப் பேருதான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தது" என்றது கொம்பன். "ஆனால் அந்த முள்..." என்று இழுத்தது.

"நீர் என் வளையை மிதிச்சீர். அப்ப ஏறினது."

"அப்படியா?"

"அப்படித்தான்."

கொம்பன் அதில் இத்தனை வருசமாகத் தன் பக்கத்தை மட்டுமே நினைத்து வைத்திருந்தது. அது தும்பிக்கையைத் தூக்கிச் சிரித்தது. முள்ளனும் சிரித்தது. முயலக்கா எதற்கென்று தெரியாமலே சிரித்தது.

பிறகு கொம்பன் தோண்டியது. முள்ளன் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, பழையபடியே ஏசிக்கொண்டிருந்தது. வலது கால், அண்ணாச்சி. இடது கால், அண்ணாச்சி. அங்கே இல்லை, இங்கே. வெயில் தாழ்ந்த நேரத்தில் வானம் ஊற்றுக்குள் தெரிந்தது. அணில் வழிவிட, முள்ளனின் குட்டிகளும் அவற்றின் தாயும் முதலில் குடித்தன. பிறகு அணில், பிறகு முயல். தூரத்துச் சுனைக்குப் போன மான்களும் வாசம் பிடித்து வந்து சேர்ந்தன.

நரி என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதுவும் வந்து வரிசையில் நின்றது. கொம்பன் அதற்கும் வழிவிட்டது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஆனால் யானை அப்படித்தான் செய்தது.

கடைசியில் கொம்பன் குடித்தது. தண்ணீர் கலங்கியிருந்தது, மணல் நெறுநெறுத்தது. தாயின் வயிற்றுக்கு அடியில் நின்று குடித்த தண்ணீரின் ருசி அதில் இருந்தது. மிச்சத்தைத் தும்பிக்கையில் எடுத்து முள்ளனின் முதுகில் பீய்ச்சியது. முள்ளன் முட்களைச் சிலிர்த்து உதறியது. மான்கள் நனைந்து ஓடின.

உன் காலடி தவறும்போது சத்தம் போடுகிறவனைப் பகைக்காதே, அவன் சொல்லில் முள் இருந்தாலும் கிறிஸ்துவின் அன்போடும் தாழ்மையோடும் உன் காலை எடுத்துவிடு, ஏனென்றால் அவன் காப்பது உன் ஊற்றைத்தான்.