வானத்துப் பனிப்பாறை

குன்றி வனத்தில் ஆம்பல் ஏரி வற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக மலையாற்றில் தண்ணீர் வரவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மான்கள் சேற்றை நக்கின. மீன்கள் நடு ஏரியில் ஒரே குட்டையில் நெருக்கியடித்துக் கிடந்தன.

அந்தக் கோடையில் காட்டுக்கு நேர் மேலே, வெகு உயரத்தில், ஒரு பாறை வந்து நின்றது. பகலிலும் வெள்ளைப் பொட்டு போலத் தெரிந்தது. வெண்ணி என்ற நாரை துணிந்து அதுவரை பறந்துபோய்த் திரும்பியது.

"மேலே கொஞ்சம் கறுப்பு மண். அதற்குக் கீழே எல்லாம் பனிக்கட்டி" என்றது வெண்ணி. "என் அலகுக்கு அது உடையவில்லை. தோண்டத் தெரிந்தவர் யாராவது கூட வரவேண்டும்."

தோண்டத் தெரிந்தது முருக்கன் என்ற அழுங்கு. உடம்பெல்லாம் செதில். கறையான் புற்றைப் பிளக்கும் நகங்கள்.

"உயரம் என்றாலே எனக்குத் தலை சுற்றும்" என்றது முருக்கன். பிறகு குட்டையில் துடித்த மீன்களைப் பார்த்தது. "சரி, கொடியில் கூடை பின்னுங்கள். வருகிறேன்."

அப்போது செம்பன் என்ற நரி குறுக்கே வந்தது.

"அந்தப் பாறையை முதலில் பார்த்தவன் நான். அது எனக்குத்தான் சொந்தம். வெட்டுவதில் பாதியை எனக்குக் கொடுத்துவிட வேண்டும். அதன் கிழக்கு மூலையை முயல்களுக்கு விற்றும் விட்டேன்."

விற்றது உண்மைதான். பாவம், முயல்கள் தங்கள் குளிர்ச்சியான வளையை நரிக்குக் கொடுத்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தன.

மருத மரத்தடியில் கூட்டம் கூடியது. காட்டெருமை கூளன் விசாரித்தது.

"நீ அங்கே போனாயா, செம்பா?"

"இல்லை. ஆனால் பார்த்தேன்."

"நிலவையும் பார்க்கிறாய். அதுவும் உன்னுடையதா?"

நரி கொஞ்சம் யோசித்தது. "அதைப் பற்றி நான் இன்னும் முடிவு செய்யவில்லை" என்றது.

கூட்டம் சிரித்தது. வெண்ணி கேட்டது: "நான் போய்த் தொட்டேனே. அப்படியானால் அது என்னுடையதா?"

"உன்னுடையதும் இல்லை" என்றது கூளன். "வானத்தில் யாரும் வேலி போட முடியாது. பாறை எல்லோருக்கும் பொது. பாடுபட்டு வெட்டி எடுத்த கட்டி மட்டும் எடுத்தவர்களுடையது. யார் வேண்டுமானாலும் போகலாம். ஒருவர் வெட்டும் இடத்தில் இன்னொருவர் இடைஞ்சல் செய்யக் கூடாது. செம்பா, முயல்களின் வளையைத் திருப்பிக் கொடு."

நரி முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தது.

மறுநாள் காலை நான்கு நாரைகள் முருக்கனைக் கூடையில் தூக்கிச் சென்றன. முருக்கன் கண்ணை இறுக மூடிக்கொண்டது. பாறையில் இறங்கியதும் ஓங்கி ஒரு வெட்டு வெட்டியது. பாறை அசையவில்லை. முருக்கன்தான் பஞ்சு போல மேலே மிதந்து போனது. வெண்ணி பாய்ந்து அதன் வாலைக் கவ்வி இழுத்து வந்தது.

"இங்கே நமக்கு எடையே இல்லை, அண்ணே" என்றது வெண்ணி.

முருக்கன் ஒரு கல்முனையை வாலால் சுற்றி இறுக்கிக்கொண்டு மறுபடி வெட்டியது. இந்த முறை மண் பெயர்ந்தது. உள்ளே பனிக்கட்டி பளபளத்தது. சாயங்காலத்துக்குள் கூடை நிறைந்துவிட்டது.

ஆனால் இறங்கும் வழியெல்லாம் பனி உருகி ஒழுகியது. ஏரிக்கரைக்கு வந்தபோது கூடையில் ஒரு மான்குட்டியின் ஒரு வாய்க்குத்தான் மிச்சம் இருந்தது. கூடையைச் சுமந்து இறங்கிக் களைத்துப்போன நாரைகளோ குட்டையில் அதைவிட அதிகமாகக் குடித்தன. மறுநாளும் அப்படியே ஆயிற்று.

"கொண்டு வந்ததைவிடக் குடித்தது அதிகம்" என்று நரி கேலி செய்தது. முருக்கனுக்கு அழுகையே வந்துவிட்டது. நரி சொன்னது பொய்யில்லை.

முருக்கன் குட்டையில் குடித்துக்கொண்டிருந்த நாரைகளைப் பார்த்தது. பிறகு கேட்டது: "வெண்ணி, மேலே உங்களுக்குத் தாகம் எடுத்ததா?"

"எப்படி எடுக்கும்? வெட்டின பனியைத்தான் கொத்திக்கொண்டே இருந்தோமே."

"பனி இல்லாவிட்டால் அவ்வளவு உயரத்தில் எத்தனை நேரம் சுற்றுவீர்கள்?"

"நா வறண்டுவிடும். உடனே இறங்க வேண்டியதுதான்."

"அப்படியென்றால் இனி ஒரு துளியும் கீழே கொண்டுவர வேண்டாம்" என்றது முருக்கன். "நான் வெட்டி அங்கேயே குவித்து வைக்கிறேன். நீங்கள் அதைக் குடித்துக் குடித்துத் தூரமாகப் பறந்து பாருங்கள். நம் ஆறு எங்கே போயிற்று என்று கண்டுபிடியுங்கள்."

மூன்று நாள் முருக்கன் பாறையிலேயே தங்கி வெட்டியது. நாரைகள் பாறைக்கு வந்து தாகம் தீர்த்துக்கொண்டு, முன்பு ஒருபோதும் எட்டாத மலைகளை எல்லாம் தாண்டிப் பறந்தன. மூன்றாம் நாள் வெண்ணி மூச்சிரைக்க வந்தது.

"ஐந்தாவது மலைக்குப் பின்னால் மண் சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது. அந்தப் பக்கம் தண்ணீர் கடல் போலத் தேங்கி நிற்கிறது, அண்ணே."

நாரைகள் முருக்கனைக் கீழே இறக்கிவிட, காடே திரண்டு போனது. எருமைகள் முட்டின. பன்றிகள் கிளறின. முருக்கன் அடியில் புகுந்து துளை போட்டது. நரியும் ஓரமாக வந்து நின்றது. யாரும் கூப்பிடவில்லை, விரட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதுவும் முன்காலால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. உச்சி வெயிலில் அடைப்பு உடைந்தது. சேறும் சருகுமாக ஆறு புரண்டு ஓடியது. எல்லோரும் மேட்டில் ஏறி நின்று பார்த்தார்கள்.

இரண்டே நாளில் ஆம்பல் ஏரி கரை தொட்டது. மீன்கள் நான்கு பக்கமும் சிதறி ஓடின. முருக்கன் தண்ணீரில் வயிறு நனையப் படுத்து ஒரு நாள் முழுக்கத் தூங்கியது.

பொதுவில் இருப்பதைக் கண்ணால் பார்த்ததாலேயே அது நமக்குச் சொந்தமாகிவிடாது. உழைத்து எடுத்ததை எந்த இடத்தில் பயன்படுத்துவது என்று அறிந்தவர்களுக்கே அது பலன் தரும்.