கரட்டேரியில் பன்னிரண்டாம் தடவை

“ஒரு கல்லு. ஒரே ஒரு கல்லு. அதுக்காகவா அம்மா?”

சர்வேயர் பரஞ்சோதிக்கு அழுகை வராத குறை.

சிலம்பாயி கையிலிருந்த கூழாங்கல்லை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒரு பக்கம் வெளுத்திருந்தது. மறுபக்கம் கறுத்து, மண் ஒட்டியிருந்தது.

“எந்தப் பக்கம் மேலே கிடந்துச்சு?”

“கறுத்த பக்கம்.”

“வெயில் பார்க்கிற பக்கம் எது?”

“வெளுத்த பக்கம்.”

“அப்ப யாரோ புரட்டியிருக்காங்க.”

கல்லை எடுத்த இடத்திலேயே, வெளுத்த பக்கம் மேலே இருக்கும்படி வைத்தாள். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

இது பதினோராவது தடவை.

கரட்டேரியைச் சுற்றி ஊர் கிடையாது. கரடும் பொட்டலும், முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் பூத்த புதர்களும்தான். இலையைக் கசக்கினால் மாசிப்பத்திரி வாசம் வரும். ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் ஆறு வித்தியாசம் கூடக் கண்டுபிடிக்க முடியாது. குழாய் இல்லை, கூரை இல்லை, கக்கூஸ் இல்லை. நடுவில் ஏரி மட்டும் நீலமாகக் கிடக்கும்.

அங்கே போய் ஏழு நாள் தங்குவதற்கு ஏரிவாசம் என்று பெயர். முதுகு தாங்குகிற அளவுக்குச் சாமான் கொண்டுபோகலாம். அதில் ஒரு துரும்பு கூட அங்கே மிஞ்சக்கூடாது. மனசு சரியில்லாதவர்கள் வருவார்கள். மனசு நன்றாக இருந்தும் போரடிக்கிறவர்களும் வருவார்கள். ஆனால் யாரும் தானாகப் போய்விட முடியாது. அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும்.

அழைத்துப்போகும் ஆள் ஆவதற்கு ஒரு பரீட்சை உண்டு.

தனியாக ஏழு நாள் தங்க வேண்டும். இடத்தைப் பழையபடி ஆக்கிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பிறகு மூன்று நாள் அந்தப் பக்கம் யாரும் தலைவைக்கக் கூடாது. முதல் நாள் நரி தோண்டிப் பார்க்கும், இரண்டாம் நாள் எறும்பு தேடிப் பார்க்கும், மூன்றாம் நாள் காற்று கிளறிப் பார்க்கும் என்பார்கள். அதற்கப்புறம்தான் குரு வந்து பார்ப்பார். கரட்டு முனையிலிருந்து மதகு வரைக்கும் நடப்பார். தங்கின இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் சீடன் தோற்றான், கதை முடிந்தது.

கண்டுபிடிக்க முடியாவிட்டால், ‘காட்டு’ என்று கேட்பார். அது வழக்கம்.

எதற்கு அப்படிக் கேட்கிறார்கள் என்று பரஞ்சோதி விசாரித்ததில்லை. டவுன் லாட்ஜில் ஏழு நாள் காற்றாடிக்குக் கீழே படுத்துவிட்டு வந்து, ‘ஏரியில்தான் இருந்தேன்’ என்று புளுகுகிறவனைப் பிடிப்பதற்காக இருக்கும் என்று அவராகவே முடிவு செய்து வைத்திருந்தார்.

குரு சிலம்பாயிக்கு முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. பரஞ்சோதிக்கு அறுபத்தொன்று. முப்பத்து நாலு வருஷம் நில அளவைத் துறையில் குப்பை கொட்டியவர். அவர் நட்ட எல்லைக்கல்லை ஒருத்தன் அசைத்தது கிடையாது. அவர் இழுத்த கோட்டை ஒரு கோர்ட்டும் திருத்தியது கிடையாது. இதை அவரே சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் கெட்டிக்காரர்தான். ஆனால் போன இடத்தில் எல்லாம் ஓர் அடையாளம் வைத்துவிட்டு வந்தே பழகிய கை. அது சும்மா இருக்குமா?

முதல் தடவை அடுப்புக்கல் கரியோடு கிடந்தது. அடுத்த தடவை சாம்பலைப் புதைத்தார். நரி தோண்டிப் போட்டுவிட்டது. ஒரு தடவை வெங்காயச் சருகு. ஒரு தடவை துணி உலர்த்தக் கயிறு கட்டியதில் ஒரு கிளை வளைந்தபடியே நின்றுவிட்டது. இன்னொரு தடவை எல்லாம் சுத்தம், ஒரு குறை இல்லை. ஆனால் தினம் ஒரே வழியாகத் தண்ணீருக்குப் போய்வந்திருக்கிறார். ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. சிலம்பாயி அந்தப் பாதையிலேயே நடந்து போய் அவர் படுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது ஒரு கல்.

பரஞ்சோதி மூச்சு வாங்க அவள் பின்னால் ஓடினார்.

“அம்மா, நில்லுங்க. என் முழங்கால் ரெண்டும் போயிருச்சு. இன்னும் ஒரு தடவைக்குத்தான் தாங்கும்.”

“சரி.”

“அதுலயும் தோத்துட்டா?”

“வீட்டுல உக்காந்து பேப்பர் படிங்க, சர்வேயரே.”

அது சுருக்கென்று தைத்தது. பேப்பர் படிக்கிற ஆளா அவர்!

ஊருக்குப் போனதும் மைத்துனர் குழந்தைவேலுவைக் கூப்பிட்டார். குழந்தைவேலுவும் அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏரிவாசம் போக வேண்டும் என்று ஒரு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்த மாசம் நான் உள்ள போறேன். ஏழு நாள் தங்கி, மூணு நாள் கழிச்சுப் பரீட்சை. அன்னைக்குக் காலைல மூட்டையோட மதகுக்கிட்ட வந்து நில்லுங்க. உங்களைக் கூட்டிட்டுப் போறது நான்தான்.”

“அத்தான், ஒருவேளை தோத்துட்டீங்கன்னா?”

“வேனுக்குச் சொல்லிடு.”

பன்னிரண்டாம் தடவை பரஞ்சோதி அடுப்பே மூட்டவில்லை. அவலை ஊறவைத்து வெல்லத்தோடு தின்றார். தண்ணீருக்குப் போகும்போது ஒரு வழி, வரும்போது ஒரு வழி, மறுநாள் வேறொரு வழி. காலைக்கடனுக்கு வெகுதூரம் போய் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டினார். அடிமண்ணை ஒரு பக்கம், மேல்மண்ணை ஒரு பக்கம் குவித்தார். மூடும்போது அடிமண்ணை முதலில் தள்ளி, மேல்மண்ணை மேலே தூவினார். படுக்க இடைஞ்சலாக இருந்த கற்களை எடுத்து வரிசையாக வைத்தவர், கிளம்பும் காலையில் ஒவ்வொன்றையும் அதனதன் பள்ளத்தில் உட்கார வைத்தார். நாற்பத்தோரு கற்கள். எல்லாம் வெளுத்த பக்கம் மேலே. கடைசியில் ஒவ்வொரு எட்டையும் எண்ணிக்கொண்டு பின்னால் நடந்தபடியே தன் காலடியை ஒரு சருகுக் கொத்தால் கலைத்துக்கொண்டு வந்தார்.

தண்ணீர் ஓரம் வந்ததும் திரும்பிப் பார்த்தார்.

ஒன்றுமே இல்லை. புதர், கல், வெயில்.

பரஞ்சோதிக்குப் புல்லரித்தது. ஆயுசில் எத்தனையோ கல் நட்டிருக்கிறார். ஒன்றுமே இல்லாத ஒரு வேலையைப் பார்த்து இவ்வளவு கர்வம் அவருக்கு வந்ததில்லை. ‘சபாஷ்டா பரஞ்சோதி’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்திலேயே தண்ணீர் ஓரமாக எட்டு வைத்து எண்ணிக்கொண்டு மதகுக்கு வந்தார்.

மூன்று நாள் அனல்காற்று அடித்தது.

நாலாம் நாள் காலையில் குழந்தைவேலுவும் மூன்று பேரும் புது மூட்டைகளோடு ஏரிக்கரையில் வந்து நின்றார்கள். சிலம்பாயி கரட்டு முனையிலிருந்து நடக்க ஆரம்பித்தாள். பரஞ்சோதி பத்தடி பின்னால் வந்தார்.

அவள் அவசரப்படவில்லை. குனிந்து பார்த்தாள். சில இடத்தில் உட்கார்ந்து மோந்தும் பார்த்தாள். ஒரு கல்லைத் தொட்டாள். பரஞ்சோதி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். அவள் எழுந்து போய்விட்டாள்.

மதகு வந்தது.

சிலம்பாயி நின்றாள். திரும்பி, வந்த வழியை ஒரு தடவை முழுதாகப் பார்த்தாள்.

“கண்டுபிடிக்க முடியல.”

பரஞ்சோதிக்கு நெஞ்சு விம்மியது. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. கரைமேல் நின்றவர்களைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். குழந்தைவேலு கை தட்டினார்.

“காட்டுங்க” என்றாள் சிலம்பாயி.

“இதோ காட்டறேன்! மதகுலேர்ந்து தண்ணி ஓரமா அறுநூத்துப் பன்னிரண்டு எட்டு. அங்கேர்ந்து தண்ணிக்கு முதுகைக் காட்டி எண்பத்தேழு எட்டு.”

விறுவிறுவென்று எண்ணிக்கொண்டு நடந்தார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். எண்பத்தேழாவது எட்டு ஒரு புதர்மேல் விழுந்தது. காலை எடுத்தார்.

“இது இல்ல. எண்ணிக்கை தப்பிருச்சு.”

மறுபடி மதகிலிருந்து எண்ணினார். இந்தத் தடவை ஒரு கறையான் புற்றின்மேல் போய் முட்டிக்கொண்டார். மூன்றாவது தடவை தண்ணீர் ஓரத்தில் நின்றவர் அப்படியே சிலையாகிவிட்டார்.

காலுக்குக் கீழே ஈரமண்ணில் கோடுகள் தெரிந்தன. ஏரி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகப் போக விட்டுவிட்டுப் போன கோடுகள். அனல்காற்றில் மூன்றே நாளில் தண்ணீர் எவ்வளவோ தூரம் உள்வாங்கியிருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக ஏழெட்டுக் கோடு. அன்றைக்குக் காலையில் தண்ணீர் எந்தக் கோட்டில் நின்றது?

தண்ணீர் ஓரத்திலிருந்து அளந்திருக்கிறார்!

முப்பத்து நாலு வருஷத்தில், ஓடைக்கரையை எல்லையாக வைத்து அளந்த எத்தனை சின்னப் பயல்களை அவர் கிழி கிழியென்று கிழித்திருப்பார். அளவுச் சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு, ‘நகர்றதை வச்சு நிக்கறதை அளப்பியாடா?’ என்று கத்தியிருக்கிறார்.

ஒவ்வொரு கோட்டிலிருந்தும் எண்ணிப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் கொண்டுபோய் விட்டது. எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது. தான் அடுக்கிய கல் எது, தானாகக் கிடக்கிற கல் எது என்று அவருக்கே தெரியவில்லை. மண்டியிட்டுத் தேடினார். நாற்பத்தோரு கல்லில் ஒன்றாவது தன்னை அடையாளம் சொல்லாதா என்று பார்த்தார். ஊஹூம்.

“அத்தான்,” என்றார் குழந்தைவேலு, “நிஜமாவே இங்கதான் படுத்தீங்களா? இல்ல, டவுன்ல ஏதாச்சும் லாட்ஜுல...”

மற்ற மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

பரஞ்சோதிக்கு முகம் எரிந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது.

ஏதாவது ஓர் இடத்தைக் காட்டிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? சிலம்பாயியே தெரியவில்லை என்று சொல்லிவிட்டாள். விரலை நீட்டி, ‘இதோ இங்கேதான்’ என்றால் முடிந்தது. ஏழு நாள் தங்கினது நிஜம். பட்ட பாடு நிஜம். அந்த ஒரு விரல் மட்டும்தான் பொய்.

கை பாதி எழும்பிவிட்டது.

அவர் கை அது. அளக்காத கோட்டை ஒரு நாளும் வரையாத கை. மிரட்டினவன் முன்னாலும் வரையவில்லை, காலில் விழுந்தவன் முன்னாலும் வரையவில்லை. இப்போது நாலு பேர் சிரித்தார்கள் என்பதற்காகவா?

கையை இறக்கினார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“எனக்குத் தெரியல அம்மா.”

“எது தெரியல?”

“நான் படுத்த இடம். இங்கதான் எங்கியோ. ஏழு நாள் இருந்தேன், சத்தியமா இருந்தேன். ஆனா என்னால காட்ட முடியல.”

“நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“யோசிச்சுட்டேன். பொய் சொல்லணும்னா சொல்லலாம். சொல்லமாட்டேன்.”

சிலம்பாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரஞ்சோதி செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினார். தோற்றுப்போனவர் தட்டுகிற மாதிரியே இல்லை அது. கலெக்டர் முன்னால் போய் நிற்கப்போகிறவர் மாதிரி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். மைத்துனர் பக்கம் திரும்பினார்.

“வேன் போயிருச்சா பாரு, குழந்தைவேலு. போகலைன்னா நிக்கச் சொல்லு. நாம ஊருக்குப் போறோம்.”

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. குழந்தைவேலு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். மற்ற மூன்று பேரும் தூக்கிக்கொண்டார்கள்.

சிலம்பாயி மதகுப் பக்கம் நடந்தாள். கல்மேல் வைத்திருந்த தன் மூட்டையை எடுத்து முதுகில் கட்டிக்கொண்டாள். திரும்பி வந்தாள்.

வந்தவள் பரஞ்சோதி பக்கம் போகவில்லை. அந்த நாலு பேருக்குப் பின்னால் போய் ஐந்தாவது ஆளாக வரிசையில் நின்றாள்.

பரஞ்சோதிக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னம்மா இது?” என்றார்.

சிலம்பாயி கை கட்டி நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அவர் பன்னிரண்டு தடவையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

“படுத்த ஆளுக்கே அடையாளம் தெரியக்கூடாது, தெரிஞ்ச மாதிரி பொய்யும் சொல்லக்கூடாது; அதுக்குத்தான் ‘காட்டு’ன்னு கேக்கறது. மூட்டையை எங்க இறக்கலாம்? சொல்லுங்க ஐயா.”