மாலை போட்ட மெஷின்

ஆயுத பூஜை அன்று, கணினி மைய இயக்குநர் தில்லைநாயகம் விருந்தாளிகள் முன் மார்தட்டினார். "நாற்பது மெஷின்! ஒவ்வொரு கோப்புக்கும் மூணு நகல், மூணு மெஷின்ல. எதைப் பிடுங்கினாலும் வேலை நிக்காது!"

மெஷின்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த மாடத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். ஒப்பந்த எலக்ட்ரீஷியன், அங்கே வயர் இழுத்ததெல்லாம் அவள்தான்.

"என்னம்மா சிரிப்பு? ஒரே ஒரு பிளக்கைப் பிடுங்கி எல்லா வேலையையும் நிறுத்து பார்ப்போம். நிறுத்திட்டா உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே!"

மாடத்தி நாற்பதையும் தாண்டி விறுவிறுவென்று அவர் அறைக்குள் போனாள். முதல் பொட்டும் பெரிய மாலையும் இதற்குத்தான் என்று காலையில் அவர் அடம்பிடித்த மேசைக் கணினியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

நாற்பது மெஷினிலும் விளக்கு ஜோராக எரிந்தது. ஆனால் ஒரு கோப்பும் திறக்கவில்லை! எந்தக் கோப்பு எந்த மெஷினில் என்ற பட்டியல் அந்த ஒரே கணினியில்தான் இருந்தது. எல்லோரும் தன்னைக் கேட்டே ஆகவேண்டும் என்று அவர் செய்த ஏற்பாடு.

விருந்தாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சரி, சரி! வேலை ஆணையை இப்பவே தரேன். முதல்ல பிளக்கை மாட்டித் தொலை!"

"மாட்டிடறேன் சார். ஆணையை மட்டும் மூணு நகல் எடுத்து, மூணையும் என்கிட்டயே குடுத்துடுங்க."