ஒச்சப்பனுக்கு ஒத்துவந்த பிளேடு

நரியூத்துப்பட்டியில் அண்ணன் தம்பி மூன்று பேர். ஒச்சப்பன், மாயன், கழுவன். மூளை மூவருக்கும் பொதுச்சொத்து. அதையும் எங்கே வைத்தோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

மூத்தவன் ஒச்சப்பனுக்கு வயது முப்பத்தாறு. நான்கு சம்பந்தம் வந்து நான்கும் தட்டிப்போனது. ஐந்தாவது வேலுத்தாய். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே இவனை இரண்டு தடவை பார்த்தாள். இரண்டாவது தடவை சிரித்தாள். அன்றிலிருந்து இவனுக்குத் தினமும் கத்தரிக்காய்க் குழம்புதான்.

அவள் அப்பன் தவசி ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வீடு பாக்க வர்றேன். மாப்பிள்ளை சவரம் பண்ணி லட்சணமா இருந்தா கை நனைப்பேன். தாடியோட நின்னா பச்சைத்தண்ணி பல்லுல படாது."

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. சாப்பிட்டால் சம்மதம். அவ்வளவுதான்.

ஒச்சப்பனுக்கு இரண்டு மாதத் தாடி. சலூன்காரர் குலதெய்வம் கும்பிட வெளியூர் போய்விட்டார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூவரும் கடைக்குப் போய் ரேசர் கேட்டார்கள்.

கடைக்காரர் நல்லதம்பி இரும்பு ரேசர் ஒன்றை எடுத்து வைத்தார். மரையைக் கழற்றி உள்ளே பிளேடு மாட்டுகிற ரகம்.

"எந்தப் பிளேடுண்ணே நல்லது?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"அதை யாரும் சொல்ல முடியாதப்பா. மூஞ்சிக்கு மூஞ்சி மாறும். மூணு கம்பெனி தர்றேன், போட்டுப் பாரு. எது எரியாம கீறாம இருக்கோ, அதுதான் உனக்கு ஒத்துவந்த பிளேடு."

சிவப்புப் பாக்கெட், நீலப் பாக்கெட், பச்சைப் பாக்கெட். மூன்றையும் கொடுத்துவிட்டுப் புத்தியும் சொன்னார்.

"அழுத்தாத. ரேசரோட கனமே வேலையைப் பாத்துக்கும். முடி வளர்ற பக்கமா இழு. பிளேடை வெறுங்கையால தொடாத, மேல சுத்தின காகிதத்தோட பிடிச்சு மாட்டு. ஒருத்தன் போட்டதை இன்னொருத்தன் போடாத."

இவ்வளவையும் ஒரே தலையில் ஏற்ற முடியாது. ஆளுக்கு ஒன்று சுமந்தார்கள். அழுத்தாதே என்பது மாயனுக்கு. முடி வளர்கிற பக்கம் கழுவனுக்கு. காகிதம் ஒச்சப்பனுக்கு. நாலாவதைச் சுமக்க ஆள் இல்லை. கடையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய யோசனை.

"அண்ணே, தாடி ஒண்ணு, பிளேடு மூணு," என்றான் மாயன். "சிவப்புலயே தாடி போயிருச்சுன்னா நீலத்தை எதுல சோதிக்கிறது?"

"மறுபடி வளர்ற வரைக்கும் காத்திருக்கணும்."

"பொண்ணு வீட்டுக்காரக மத்தியானம் வர்றாகளே!"

கத்தரிக்காய் கையும் சிரிப்புமாக வேலுத்தாய் ஒச்சப்பன் கண்ணுக்குள் வந்து போனாள்.

கழுவன்தான் வழி சொன்னான். "மூணு பேரும் ஒரே வயித்துல பிறந்தோம். மூஞ்சியும் ஒரே மூஞ்சிதானே? ஆளுக்கு ஒண்ணு போட்டுப் பாப்போம்."

"இவனைப் படிக்க வச்சிருக்கணும்டா," என்று ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

முதலில் மாயன், சிவப்பு. முகமெல்லாம் சோப்பு போட்டான். கட்டிலில் மல்லாந்து படுத்தான். ரேசரைக் கன்னத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"என்னடா செய்யிற?"

"கனம் வேலை பாக்குதுண்ணே. நாம குறுக்க போகக்கூடாது."

அரை மணி நேரம் கனம் வேலை பார்த்தது. மாயன் தூங்கிவிட்டான். தூக்கத்தில் புரண்டு படுத்தான். அலறிக்கொண்டு எழுந்தான்.

"சிவப்பு ஆகாதுண்ணே. தூங்குறவனைக் கடிக்குது."

அடுத்து கழுவன், நீலம். அவன் அவசரப்படவில்லை. முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று தெரிய வேண்டும். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"வளருதாடா?" என்றான் ஒச்சப்பன்.

"ஒரு பக்கமும் வளரலைண்ணே. இன்னைக்கு லீவு போல."

"அப்ப எப்படி இழுப்ப?"

"எந்தப் பக்கமும் வளரலைன்னா எந்தப் பக்கமும் இழுக்கலாம்."

இழுத்தான். மேலே, கீழே, குறுக்கே. ஒரு புருவமும் கூடவே போயிற்று. கன்னம் கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி ஆயிற்று. நீலமும் ஆகாது.

மீதி பச்சை. உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது. தன் பங்குப் புத்தியை ஒச்சப்பன் மறக்கவில்லை. காகிதத்தோடு பிடித்தான். காகிதத்தோடு மாட்டினான். மரை நுழையவில்லை. ஆணியால் காகிதத்தைக் குத்தி நுழைத்தான். நுரை போட்டு இழுத்தான்.

வெண்ணெய்.

எரிச்சல் இல்லை. கீறல் இல்லை. நாலு தடவை இழுத்தான். சுகமாக இருந்தது. கழுவித் துடைத்துவிட்டுத் தம்பிகளிடம் முகத்தைக் காட்டினான்.

"ஒரு கீறல் இல்லைண்ணே!" என்றான் மாயன். பிறகு தலையைச் சொறிந்தான். "ஆனா தாடி இருக்கே."

மூவரும் யோசித்தார்கள்.

"எரியக்கூடாதுன்னார். கீறக்கூடாதுன்னார்," என்றான் ஒச்சப்பன். "தாடியைப் பத்திக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னாரா?"

"சொல்லலை."

"அப்ப இதுதாண்டா எனக்கு ஒத்துவந்த பிளேடு."

வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. தவசி இறங்கினார். மாமனார் ஆகப்போகிற அவசரத்தில் காலையில் தானே சவரம் செய்திருக்கிறார். தாடையில் நாலு வெட்டு, நாலிலும் பேப்பர் துண்டு. ஒச்சப்பனைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"நான் என்ன சொல்லிவிட்டேன்? ஏன் சவரம் பண்ணலை?"

ஒச்சப்பன் காதைத் திருப்பிக் காட்டினான். "பண்ணியாச்சு மாமா. இந்தா, காதுல இன்னும் நுரை."

"தாடி இருக்கேப்பா?"

"தாடி இருக்கு மாமா. கீறல் இருக்கா பாருங்க."

தவசி கிட்டே வந்தார். தாடிக்குள் விரலை விட்டுத் துழாவினார். ஒரு பொட்டு ரத்தம் இல்லை. தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மாயனைப் பார்த்தார். கழுவனைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"இருபது வருஷமாச் சவரம் பண்றேன். ஒருநாள் இப்படி அமைஞ்சதில்லையே. என்ன பிளேடு மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை என்ற சொல் வந்துவிட்டது. ஒச்சப்பன் புதுப் பச்சை ஒன்றைக் காகிதத்தோடு மாட்டிக் கொடுத்தான். தவசி கொல்லைப்பக்கம் போய் இழுத்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீரோடு திரும்பி வந்தார். இலை போடச் சொன்னார். மூன்று தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். அங்கேயே தேதியும் குறித்தார்.

ஒன்றரை மாதத்தில் கல்யாணம். தினமும் இரண்டு வீட்டிலும் விடாமல் சவரம் நடந்தது. தவசிக்கும் மாப்பிள்ளை மாதிரியே தாடி மண்டியது.

கல்யாணத்தன்று காலை அவர் மாப்பிள்ளை அறைக்குள் ஓடி வந்தார். கன்னத்தில் ரத்தம்.

"மோசம் போயிட்டோம் மாப்பிள்ளை! காகிதம் தேஞ்சு கிழிஞ்சிருச்சு. உள்ள பாத்தா தகரம்!"

ஒச்சப்பன் பாக்கெட்டைப் பிரித்தான். ஒவ்வொரு காகிதத்துக்குள்ளும் ஒரு தகரம்.

"கலப்படம் மாமா. காகிதம் அசல். கனம் காட்டத் தகரத்தை உள்ள வச்சிருக்காய்ங்க."

தம்பிகள் இருவரும் உட்கார்ந்து தகரத்தையெல்லாம் பொறுக்கிக் குப்பையில் எறிந்தார்கள். மாமனாரும் மருமகனும் வெறும் காகிதத்தை மாட்டி வழவழவென்று சவரம் செய்துகொண்டு, தாடியைச் சீவி முடித்து, முகூர்த்தத்துக்குப் போனார்கள்.