நிழலில் நின்ற கார்

தென்காசிப் புகைப்படச் சங்கத்தில் மாதாமாதம் ஒவ்வொருவர் படத்தையும் புரொஜெக்டர் வைத்துச் சுவரில் போட்டுக் கருத்துச் சொல்வார்கள். தலைவர் தாண்டவராயன் படத்துக்கு மட்டும் கருத்தே கிடையாது, கைதட்டல்தான்.

கூட்டத்துக்கு டீ கொண்டுவரும் இசக்கியம்மாள், தன் பழைய செல்போன் கேமராவை நம்பி அந்த மாதம் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டாள். தலைவருக்கு அது பொறுக்கவில்லை. தன் படத்தைப் போட்டு அவளைக் கூப்பிட்டார். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். பக்கத்திலேயே, பாதிச் சுவருக்குத் தலைவரின் புதுக் கார்.

“இதை இன்னும் நல்லாக்க வழி சொல்லு. ஆனா குறைன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. பொய்யாப் புகழ்ந்தாலும் நீ சங்கத்துல இல்ல.”

இசக்கியம்மாள் டீத்தட்டைத் தூக்கிப் புரொஜெக்டருக்கு முன்னால் பிடித்தாள். தட்டின் நிழல் காரை மூடியது. சுவரில் அந்தச் சிரிப்பு மட்டும் மிஞ்சியது. அதைப் பார்த்துக் கூட்டமே சிரித்தது. தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று சுதாரித்துக்கொண்டார்.

“என் கார் எங்கம்மா?”

“வெயில் ஜாஸ்தியா இருந்துச்சுய்யா. நிழல்ல நிறுத்தியிருக்கேன்.”

தலைவர் இன்னொரு தடவை சுவரைப் பார்த்தார்.

“அங்கேயே நிக்கட்டும்,” என்றார். “இப்ப உன் படத்தைப் போடு.”