திருப்பி மாட்டிய படம்

"இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை பேச மாட்டேங்குதுக டீச்சர். நான் என்னதான் செய்ய?"

கேட்டவர் சங்கிலிமுத்து வாத்தியார். முப்பது வருஷம் ஐந்தாம் வகுப்புக் கணக்கைக் கட்டி மேய்த்த மனிதர். கடைசி வருஷத்தில் அவரைக் கொண்டுவந்து ஒன்றாம் வகுப்பு ஆங்கிலத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

தலைமையாசிரியை ரெஜினா அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால் வாத்தியார் வயதைப் பார்க்க மாட்டார். நேரே வந்து கேட்டுவிடுவார்.

"படம் மாட்டினீங்களா சார்?"

"சுவர் இருந்தாத்தான் சித்திரம்பாங்க. இப்ப சித்திரத்துல சுவரே தெரியலை. மதுரைக்கே போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிட்டு வந்தேன். பழம், பூ, மிருகம், வண்டி..."

"வாசிக்கிறாங்களா?"

"கணீர்னு வாசிக்கிறாங்க. வகுப்பை விட்டு வெளிய போனா ஒண்ணும் இல்லை."

அவர் குரல் தழைந்தது.

"மே மாசத்தோட போயிருவேன் டீச்சர். அதுக்குள்ள ஒரு பிள்ளையாவது, நான் குச்சி நீட்டாம, தானா ஒரு வார்த்தை சொல்லிறாதான்னு இருக்கு."

ரெஜினா எழுந்து அவரோடு வகுப்புக்கு வந்தார்.

மிருகப் படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். திருப்பி மாட்டினார். இப்போது சுவரில் வெறும் வெள்ளைத் தாள்.

"வாசிக்கச் சொல்லுங்க."

வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழக்கதோஷத்தில் குச்சியால் தாளை ஒரு தட்டுத் தட்டினார்.

"லயன்!" என்றது வகுப்பு.

இன்னொரு தட்டு.

"டைகர்!"

தட்டத் தட்ட யானை வந்தது, கரடி வந்தது, ஒட்டகச்சிவிங்கி வந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளும் வெற்றுத் தாளைப் பார்த்துத் தொண்டை கிழிய வாசித்தார்கள். ஒரு பிழை இல்லை. முடிந்ததும் வழக்கம்போலத் தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொண்டார்கள்.

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை.

ரெஜினா கையை நீட்டினார். அவர் குச்சியைக் கொடுத்தார்.

"படம்?"

"அப்படியே இருக்கட்டும் சார்."

குச்சியோடு போய்விட்டார்.

இரண்டு நாள் அந்தத் தாள் சும்மா தொங்கியது. வாத்தியாரும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தார். குச்சி இல்லாத கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை, பாவம்.

மூன்றாம் நாள் மதியம் வகுப்புக்குள் வந்தால், செண்பகக்கனி அந்த வெள்ளைத் தாளில் கரித்துண்டால் என்னவோ வரைந்துகொண்டிருந்தாள். நாலு கால். இரண்டு கொம்பு. ஒரு தாடி.

"ஏ புள்ள!"

அவள் கொஞ்சமும் பயப்படவில்லை.

"சார், இது எங்க வீட்டு வெள்ளாடு. இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

மதுரைப் படத்தில் ஆடு இல்லை. சிங்கம்தான் இருந்தது. இந்த ஊரில் சிங்கத்தை யார் கண்டது?

"கோட்," என்றார் வாத்தியார்.

அவள் படத்து ஆட்டின் வயிற்றைத் தடவிக்கொண்டே "கோட், கோட்" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு ஓடினாள்.

"ஏய், எங்க கோட்டு குட்டி போடப் போகுதுடி!"

ஊருக்கே கேட்டிருக்கும்.

மறுவாரம், தலைமையாசிரியை அறை வாசலில் வாத்தியார் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல வந்து நின்றார். சட்டையெல்லாம் கரி.

"டீச்சர், ஓணானுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

ரெஜினா பீரோவைத் திறந்தார்.

"இந்தாங்க சார், உங்க குச்சி."

"அதைத் தூரப் போடுங்க டீச்சர். முதல்ல ஓணானைச் சொல்லுங்க. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க."