பிரிவியூ வாசலில் ஒரு பாராட்டு

பெரிய நாவல் ஒன்றைப் படமாக்கிய டைரக்டர் கஜபதி, பிரிவியூ முடிந்ததும் பாராட்டு வாங்க வாசலை அடைத்து நின்றார். பார்த்தவர்களோ, வராத போனைக் காதில் வைத்துப் பேசியபடி நழுவிக்கொண்டிருந்தார்கள். டைரக்டரின் போனையே சுமந்து நின்ற உதவி டைரக்டர் மரியசெல்வம்தான் மாட்டினான்.

"டேய், நாவலையும் படிச்சவன் நீ. பத்திரிகைக்காரங்க முன்னாடி படத்தைப் பத்திச் சொல்லு. பொய் சொன்னா அடுத்த படத்துல நீ இல்ல. குறை சொன்னாலும் இல்ல."

"சார், இந்தப் படத்தைப் பார்க்கிற ஒவ்வொருத்தரும் நேரா ஓடிப்போய் அந்த நாவலை வாங்குவாங்க!"

கஜபதி மீசையைத் தடவிக்கொண்டார். "கேட்டீங்களா? எழுதினவருக்கே நான்தான் வாழ்வு குடுத்திருக்கேன்! ஏன்டா வாங்குவாங்க? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

"கதை என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் சார்."

வராத போனில் பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.